கை ஓடும்போதே எழுந்துவிடுங்கள்

வாசகர் கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 36 வயது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன், பெரும்பாலும் கல்யாண பிளவுஸ்தான். வேலை ரொம்பப் பிடிக்கும், கையும் சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் பிரச்சினை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். போன மாதம் ஒரு பிளவுஸுக்குக் கடைசி இரண்டு நாள் சமையலுக்கு மட்டும் எழுந்து, ராத்திரி இரண்டரை மணிக்கு முடித்தேன். காலையில் பார்த்தால் ஒரு கையில் பிரைட் கோல்டு ஜரிக்குப் பதில் ஆன்டிக் கோல்டு ஓட்டியிருக்கிறேன். பிரித்து மறுபடி போட்டேன். அப்புறம் ஆறு நாள் ஃபிரேம் பக்கமே போகவில்லை. அடுத்த ஆர்டர் துணி கவரோடு பீரோ மேல் இருக்கிறது, பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. கஸ்டமர் போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. ஒவ்வொரு பிளவுஸுக்கும் இதே கதைதான்.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார், கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தொட்ட வேலையை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியே வளர்த்தார். அதற்கு ஒரு குறளும் சொல்வார், மீதி வைத்த வேலை நெருப்பு மாதிரி என்று வரும். நானும் முடித்துவிட்டுத்தான் எழுகிறேன், ஆனாலும் அடுத்ததைத் தொட மனசு வரவில்லை. நான் சோம்பேறியா? இல்லை, இது டிப்ரஷனா?

ப., ஸ்ரீராமபுரம்

பதில்:

ப., சோம்பேறி ராத்திரி இரண்டரை மணி வரை ஃபிரேம் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டாள், அதனால் அந்த வார்த்தையை முதலில் விட்டுத்தள்ளுங்கள். டிப்ரஷனா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போகமாட்டேன், கடைசியில் வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ஒன்று உண்டு. 'முடித்துவிட்டுத்தான் எழுகிறேன், ஆனாலும் அடுத்ததைத் தொட மனசு வரவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆனாலும்' என்பதை எடுத்துவிட்டு 'அதனால்தான்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். முடித்துவிட்டு எழுகிறீர்கள், அதனால்தான் அடுத்ததைத் தொட மனசு வரவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

ராத்திரி இரண்டரை மணிக்குக் கடைசி முடிச்சைப் போட்டு, நூலை வெட்டி, துணியை ஃபிரேமிலிருந்து கழற்றிவிட்டீர்கள். மறுநாள் உங்களுக்காக என்ன காத்திருக்கிறது? தையல் இல்லை, ஒரு பிளாஸ்டிக் கவர்தான் இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும், புடவை பார்டரோடு வைத்துப் பார்க்க வேண்டும், கழுத்து டிசைன் எது என்று கஸ்டமரைக் கேட்க வேண்டும் (அந்தப் போனுக்குத்தான் பயம்), ட்ரேஸ் எடுக்க வேண்டும், துணியை இழுத்துக் கட்ட வேண்டும், எந்த கோல்டு, எந்தப் பச்சை, மணி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே பத்துப் பன்னிரண்டு முடிவுகள். இரண்டு நாள் கழுத்து ஒடிய வேலை பார்த்தவள் அதில் எந்த முடிவை எடுப்பாள்? கவரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைவதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது இதையே மாற்றி நினைத்துப் பாருங்கள். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கையில் காபியோடு அந்தப் பக்கம் வருகிறீர்கள். ஃபிரேமில் துணி இழுத்துக் கட்டியபடி இருக்கிறது. மாங்காய் டிசைனின் வெளிக்கோடு முடிந்து, உள்ளே நிரப்பும் பச்சை பாதியில் நிற்கிறது. காபி ஆறுவதற்குள் உட்கார்ந்துவிடுவீர்களா இல்லையா?

கட்டிக்கொண்டிருந்த பூவைப் பாதியில் முறத்தோடு வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். பேச வந்த பக்கத்து வீட்டுப் பெண், யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, நாரை எடுத்து, நீங்கள் விட்ட கண்ணியிலிருந்து தொடர்ந்து கட்டுவாள். அதே பூ உதிரியாகக் கவரில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். பாதி வேலைக்கு அப்படி ஒரு இழுப்பு உண்டு.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. பெர்லினில் குர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரிடம் மரியா ஓவ்சியான்கினா என்ற பெண் ஆராய்ச்சி செய்தார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுப்பார், நடுவில் ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திவிட்டு வேறு வேலை கொடுப்பார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிடுவார். யாரும் கேட்கவில்லை, பரிசு எதுவும் இல்லை, ஆனாலும் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே விட்ட வேலைக்குத் திரும்பிப் போனார்கள். 1928 இல் இது வெளிவந்தது. அதே குழுவில் இருந்த ப்ளூமா ஜெய்கார்னிக், முந்தைய ஆண்டு, முடியாத வேலைதான் முடிந்ததைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்று எழுதினார். அவர் பெயர்தான் இன்றைக்கு எல்லா இடத்திலும் அடிபடுகிறது, ஆனால் அந்த நினைவுச் சமாசாரத்தைப் பிற்பாடு செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி விடை வரவில்லை. விட்ட இடத்துக்குக் கை திரும்பிப் போகிறது என்பதுதான் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, அப்பாவின் குறளுக்கு வருவோம். அதை ஒதுக்கிவிட்டு மேலே போக எனக்கு மனசு இல்லை, ஏனென்றால் இந்தக் கடிதத்தில் உங்களைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் குறள்தான் என்று தோன்றுகிறது. அப்பா சொல்வது இதுவாகத்தான் இருக்கும்:

வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால்
தீயெச்சம் போலத் தெறும்.

வினைசெயல்வகை அதிகாரம், 674 ஆவது குறள். செய்கிற வேலையிலும் பகையிலும் மிச்சம் வைத்தால், அணைக்காமல் விட்ட தீயின் மிச்சம் போல அது பின்னால் அழித்துவிடும் என்கிறார். சரியான பேச்சுதான், நான் மறுக்கவில்லை. பீரோ மேல் இருக்கிற அந்தக் கவர் உங்களை ஆறு நாளாகச் சுட்டுக்கொண்டிருக்கிறதே, அதுதான் தீயெச்சம்.

ஆனால் தீயின் மிச்சத்தை நம் பாட்டிகள் வேறு விதமாகவும் கையாண்டிருக்கிறார்கள். ராத்திரி சமையல் முடிந்ததும் அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் கட்டையைத் தண்ணீர் ஊற்றி அணைக்காமல், சாம்பலைத் தள்ளி மூடி வைப்பார்கள். காலையில் சாம்பலைக் கிளறி, இரண்டு சுள்ளியை வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பு என்பது அதைத்தான். கவனிக்காமல் விட்ட தணல் கூரையில் ஏறும். சாம்பல் போட்டு மூடின தணல் மறுநாள் சோறு பொங்கும். இரண்டும் மிச்சம்தான். உங்கள் ஆர்டர் கவர் முதல் ரகம், அரை மாங்காய் இரண்டாவது ரகம். வள்ளுவர் எச்சரித்தது முதல் ரகத்தைப் பற்றி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இதே அதிகாரத்தில்தான் 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்றும் சொல்லியிருக்கிறார், நிதானித்துச் செய்ய வேண்டியதை நிதானித்தே செய் என்று. அப்பாவுக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

அப்பாவைப் பற்றி இன்னொன்று. அவர் வேலை பார்த்த சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை போனவை. கீழே போய்ப் பாறையை உடைக்கிற வேலை எந்த நாளில் முடிந்திருக்கும்? முடியவே முடியாது. ஷிஃப்ட் முடிந்தால் கூண்டில் ஏறி மேலே வந்துவிட வேண்டும், உடைத்த பாறை உடைத்தபடி கிடக்கும், அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் அங்கிருந்து தொடர்வார்கள். 2001 இல் சுரங்கத்தை மூடுகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. தொட்டதை முடித்துவிட்டு எழு என்று உங்களுக்குச் சொன்னவர், தன் வேலையில் ஒவ்வொரு நாளும் பாதியில்தான் நிறுத்தியிருக்கிறார், மறுநாள் தவறாமல் திரும்பியும் போயிருக்கிறார். அவருக்கு நிறுத்தச் சொல்ல ஷிஃப்ட் இருந்தது. வீட்டிலேயே வேலை பார்க்கிற உங்களுக்கு அது இல்லை. உடம்பு சாயும் வரை, இல்லை பிளவுஸ் முடியும் வரை, இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவரை போய்க்கொண்டே இருக்கிறீர்கள்.

அப்படியானால் எப்போது நிறுத்துவது? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவுட்டர் ரிங் ரோடு ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், அவர்கள் உடனே ஒரு நேரத்தைச் சொல்லச் சொல்வார்கள், எட்டு மணியா ஒன்பது மணியா என்று. நேரம் வைத்துக்கொள்வது நல்லதுதான், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஊசி வேண்டாம் என்று நானே சொல்வேன். ஆனால் அது வெளி வேலி. உள்ளே இன்னொரு அடையாளம் இருக்கிறது, அதைக் கைதான் சொல்லும்.

என் தோழி ஒருத்தி ஆரி வேலை செய்கிறவள். உங்கள் கடிதம் வந்த பிறகு ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கை துணிக்கு மேலே ஊசியோடு, இடது கை துணிக்குக் கீழே நூலோடு. ஊசி குத்தி இறங்கும், கீழே இருக்கிற விரல் நூலைக் கொக்கியில் கொடுக்கும், ஊசி ஒரு சின்ன வளையத்தோடு மேலே வரும், அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த குத்து. கீழ்க்கை கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் பழக்கத்தில்தான் நடக்கிறது. முதல் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே செய்தாள், சங்கிலி ஒரே அளவில் அரிசி அரிசியாக விழுந்தது. அதற்கு அப்புறம் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஊசி இரண்டு தடவை வெறுமனே மேலே வந்தது, நூல் மாட்டவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். அப்புறம் சங்கிலியில் ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. 'இன்னும் எத்தனை பூ பாக்கி' என்று எண்ண ஆரம்பித்தாள். அந்த எண்ணிக்கை வந்ததும் நான் அவளை எழுப்பிவிட்டேன்.

நீங்களும் இதைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் வரிசை வேறாக இருக்கும், ஆனால் கடைசியில் வருவது எல்லோருக்கும் ஒன்றுதான்: பிரிக்க வேண்டியிருக்கும். ரா சில்க்கில் பிரித்தால் ஓட்டை தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அந்த ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நீங்கள் போட்டதில் எவ்வளவு காலையில் நின்றது என்று நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆன்டிக் கோல்டுக்கும் பிரைட் கோல்டுக்கும் டியூப்லைட்டில் வித்தியாசம் தெரியாமல் போனது கண்ணின் தப்பும் இல்லை, உங்கள் திறமையின் தப்பும் இல்லை. அந்த நேரத்துக்கு அந்த வேலை இல்லை. (கோல்டு ஷேட் எடுப்பதைப் பகல் வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.)

ஊசி ஒரு தடவை நூல் இல்லாமல் வந்தால் பரவாயில்லை. இரண்டாவது தடவை வந்தால், கையில் இருக்கிற மாங்காய்க்குள் நான்கு ஐந்து தையல் போட்டு நிறுத்திவிடுங்கள். மாங்காயை முடிக்காதீர்கள். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறது. 'இதோ, இந்த ஒன்று' என்று கை கெஞ்சும். அந்த ஒன்றை முடித்தால் பக்கத்தில் இன்னொன்று தெரியும், அப்படியே இரண்டரை மணி ஆகிவிடும். இன்னும் ஒரு பிடி சாப்பிடலாம் என்று தோன்றும்போதே எழுந்துவிடு என்று சாப்பாட்டுக்குச் சொல்வார்கள் இல்லையா, அதே கணக்கு.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டாவது அத்தியாயத்தைப் பதினொரு நாளில் ஒரே மூச்சில் எழுதினேன், கடைசி ராத்திரி தூங்கவே இல்லை. அப்புறம் நான்கு மாதம் அந்த ஃபைலைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தாலே அந்தக் கடைசி ராத்திரியின் கண் எரிச்சலும் குமட்டலும்தான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தைய பத்து நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன் என்பது எங்கேயோ போய்விட்டது. டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் 1993 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே ஒரு நிமிடம், அதோடு கூட அரை நிமிடம், அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும், கொஞ்சம் இதமாகும். மூன்றாவது தடவை எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் அந்த நீளமானதையே எடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு இதமாக இருந்ததால் அது பரவாயில்லை என்று மனசில் பதிந்துவிட்டது. உங்கள் பிளவுஸ்கள் எல்லாமே கழுத்து வலியிலும், பிரிப்பதிலும், தூக்கமில்லாத கண்ணிலும் முடிகின்றன. முப்பது மணி நேரம் ஆசையாகச் செய்திருந்தாலும் மனசு அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறது, அடுத்த கவரைப் பார்க்கும்போது அதைத்தான் எடுத்துக் காட்டுகிறது.

சரி, பாதியில் நிறுத்தினால் ராத்திரி முழுக்க அதுவே மண்டையில் ஓடாதா, தூக்கம் வருமா? ஓடும். சும்மா அப்படியே விட்டுவிட்டு எழுந்தால் நிச்சயம் ஓடும். அதற்கு உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. சங்கிலித் தையலைப் பாதியில் விட்டால் என்ன ஆகும்? கடைசி வளையத்தை லாக் பண்ணாமல் எழுந்துபோய், குழந்தை நூலை ஒரு இழு இழுத்தால், மத்தியானம் முழுக்கப் போட்டது சரசரவென்று பிரிந்து வந்துவிடும். அதே நேரத்தில், லாக் பண்ணுவதற்கு மாங்காய் முடிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த இடத்திலும் லாக் பண்ணலாம், மறுநாள் அதை ஒட்டியே குத்தி எடுத்தால் எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது.

மனசுக்கும் ஒரு லாக் வேண்டும். எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரேம் ஓரத்தில் குத்தி வையுங்கள்: 'நாளைக்குக் காலை பத்து மணி. இடது கை, மூன்றாவது மாங்காய், உள் வரி, இலைப் பச்சை, கீழிருந்து மேலே. அப்புறம் சுற்றி மணி.' இவ்வளவுதான். 'பிளவுஸை முடிக்கணும்' என்று எழுதாதீர்கள், அது சீட்டு இல்லை, அதட்டல். முதல் குத்து எங்கே, என்ன நூல், எத்தனை மணிக்கு என்று இருக்க வேண்டும். மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011 இல் இதைத்தான் கண்டார்கள்: முடியாத வேலை மனசைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எப்போது எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டால், வேலை இன்னும் முடியாமல் இருந்தாலும் பிறாண்டல் அடங்கிவிடுகிறது. அடுப்பின் மேல் தள்ளுகிற சாம்பல் இந்தச் சீட்டுதான்.

அடுத்தது, பிளவுஸ் எப்படியும் ஒருநாள் முடிந்துதானே ஆக வேண்டும், அன்றைக்கு என்ன செய்வது? அன்றைக்குத்தான் உங்களுக்குப் பெரிய பள்ளம். அதனால் முடிக்கிற நாளை ராத்திரியில் விழாதபடி வைத்துக்கொள்ளுங்கள், காலை நேரத்தில் விழட்டும். கடைசி முடிச்சைப் போட்டு, பழையதைக் கழற்றியதும் உடனே எழுந்துவிடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அடுத்த துணியை ஃபிரேமில் ஏற்றி, ட்ரேஸ் எடுத்து, பார்டர் வெளிக்கோட்டில் நான்கு விரல் நீளம் ஓட்டிவிடுங்கள். நான்கு விரல் போதும், ஐந்து வேண்டாம். லாக் பண்ணி, சீட்டுக் குத்தி, அன்றைக்குக் கடையை மூடிவிடுங்கள். அப்புறம் ஒருநாள் முழுக்க லீவு எடுத்தாலும் பயமில்லை, திரும்பி வரும்போது பீரோ மேல் கவர் இருக்காது, ஃபிரேமில் கோடு இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டு வேறு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பாதியில் விடுவது, மறுநாளும் நீங்களே வந்து தொடப்போகிற வேலைக்கு மட்டும். டெய்லரிடம் போகிற துணி, உதவிக்கு வருகிற பெண்ணிடம் கொடுக்கிற கைப்பகுதி, கஸ்டமருக்குச் சொல்ல வேண்டிய பதில், இதையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட வேண்டும். கென்ட் பெக் என்ற புகழ்பெற்ற மென்பொருள் நிரலாளர் தன் துறைக்காரர்களுக்கு இதே பேதத்தைச் சொல்லியிருக்கிறார்: தனியாக நிரல் எழுதுகிறாயா, நாள் முடிவில் ஒரு சோதனையை (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு எழுதுவது) தோற்கிற நிலையிலேயே விட்டுவிட்டுப் போ, மறுநாள் எங்கே ஆரம்பிப்பது என்று அதுவே காட்டும்; குழுவாக எழுதுகிறாயா, எல்லாச் சோதனையும் தேறிய பிறகுதான் ஒப்படைக்க வேண்டும். பெல்லந்தூரில் வேலை பார்க்கிற பையன் ஒருவனுக்கு நான் சொல்ல வந்ததை அவனே இப்படி எனக்குச் சொல்லிக் கொடுத்தான். உங்கள் துணிக்கும் அப்படியே பொருந்துகிறது.

முகூர்த்தத் தேதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிக்கும்போதே மனசில் கேட்டிருப்பீர்கள். கல்யாணம் வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமை ராத்திரி ஊசியைக் கீழே வைக்க முடியாதுதான். வருடத்தில் சில ராத்திரி அப்படி வரும், வந்தால் உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பிளவுஸும் அப்படி முடிகிறது என்றால் கோளாறு தேதி கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரு கனமான பிளவுஸுக்கு உங்களுக்கு முப்பது மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். கை சுத்தமாக ஓடுவது ஒரு நாளைக்கு நான்கு ஐந்து மணி நேரம்தான், அதையும் இரண்டு தவணையாக. ஐந்து என்றே வைத்தாலும் ஆறு நாள் ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் கட், விருந்தாளி என்று இரண்டு நாள் சேர்த்தால் எட்டு. கஸ்டமரிடம் எட்டு நாள் என்று சொல்லுங்கள், ஐந்து நாள் என்று சொல்லி ஏழாவது நாள் போனை எடுக்காமல் இருப்பதைவிட அது மரியாதை. நிறைய ஆர்டர் போய்விடும் என்று பயப்படுவீர்கள். இப்போது நீங்கள் தொடாமல் விடுகிற ஆறு நாளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், மாதத்துக்கு எத்தனை பிளவுஸ் வெளியே போகிறது என்று. குறைய வாய்ப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பீரோ மேல் இருக்கிற அந்தக் கவருக்கு மட்டும் இந்த முறையெல்லாம் உடனே உதவாது, ஏனென்றால் அதில் இன்னும் பாதி என்று எதுவும் இல்லை. அதற்கு நாளைக்கே ஒரு காரியம். தைக்க வேண்டாம். கவரைப் பிரித்து, துணியை ஃபிரேமில் இழுத்துக் கட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். கஸ்டமருக்குப் போன் செய்ய வாய் வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பில், 'அக்கா, தாமதமாகிவிட்டது, மன்னிக்கணும், இந்தத் தேதிக்குக் கொடுத்துவிடுகிறேன்' என்று ஒரே ஒரு வரி. தேதியை மட்டும் மேலே சொன்ன கணக்குப்படி போடுங்கள். நாளை மறுநாள் ட்ரேஸும் நான்கு விரல் கோடும்.

டிப்ரஷன் பற்றிக் கேட்டீர்கள். கடிதத்தை வைத்து யாரும் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நான் பார்க்கிறது இதுதான்: உங்களுக்கு வேலை பிடிக்கிறது, ஃபிரேம் ஒன்றைத் தவிர வேறு எதிலும் மனசு விட்டுப்போனதாக நீங்கள் எழுதவில்லை. அது நல்ல அறிகுறி. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலுமே பிடிப்பில்லாமல், பிள்ளைகள் பேசினால்கூடச் சந்தோஷம் தோன்றாமல், தூக்கமும் பசியும் மாறிப்போய், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு வந்துகொண்டிருந்தால், சீட்டுக் குத்துவதெல்லாம் போதாது, டாக்டரைப் பாருங்கள். நிமான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, உங்களுக்குத் தூரம் இல்லை. போக யோசனையாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம், பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அசதி மட்டும் விடாமல் இருந்தால் பக்கத்து கிளினிக்கில் ரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், நம் வீட்டுப் பெண்கள் உடம்புக் கோளாறையே சோம்பல் என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் வாரம் பாதியில் எழுந்திருப்பது நிச்சயம் கஷ்டமாக இருக்கும். கை துறுதுறுவென்று இருக்கும், அடுப்படியில் நின்றாலும் கண் ஃபிரேமுக்கே போகும், யாரோ பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட மாதிரி ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சலைப் பார்த்து, முறை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு நாளாக நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஆசை இருக்கிறதே, அது இப்படித்தான் இருக்கும்.

அப்பாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். குறளைப் பற்றி நான் சொன்னதில் அவருக்குச் சண்டை இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், ஆசையாகப் படிப்பேன். அப்புறம் அவரிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுத முடியுமா? ஷிஃப்ட் முடிந்து மேலே வரும்போது, கீழே இறங்குகிற ஆட்களிடம் என்ன சொல்லிவிட்டு வருவார்கள் என்று.